2022இல் பெற்ற ஈ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் குறித்து நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்துள்ளது: எப்படிப் பதில் தருவது?

கேள்வி: கொரட்டூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2023இல் விலகி இப்போது வேறோர் இடத்தில் இருக்கிறேன். 2022 செப்டம்பரில் எனக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஈ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவர் செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 2 வரை ஓய்வில் இருக்கச் சொல்லிச் சான்று கொடுத்தார். அக்டோபர் 3 அன்று, அதாவது ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், திரும்ப வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்துக்கு, ஊதியத்துக்குப் பதிலாக ஈ.எஸ்.ஐ. தரும் நோய்க்காலப் பணமாக 10,920 ரூபாய் என் வங்கிக் கணக்கில் வந்தது. அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை, நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மா, என் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. நோய்க்காலப் பணம் பெற்ற நாட்களுக்குள் நான் ஊதியமும் பெற்றதாகத் தெரியவருவதாகவும், அதற்கு விளக்கம் அளிக்க அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், ஊதியச் சீட்டுகள் ஆகியவற்றுடன் குறிப்பிட்ட நாளில் காலை 11 மணிக்கு நேரில் வர வேண்டும் என்றும் அதில் உள்ளது. எந்தெந்த நாட்கள் என்று குறிப்பிடவில்லை. இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்தெட்டு நாட்களில் ஒரே ஒரு நாள், செப்டம்பர் 21 புதன்கிழமை, நான் நிறுவனத்துக்குப் போனேன். ஸ்டோர்ஸ் அறைச் சாவி என்னிடம் இருந்தது. மாற்றுச் சாவி தொலைந்து போயிருந்தது. சாவியைக் கொடுத்தனுப்புகிறேன் என்றேன். இருப்புப் பேரேட்டையும் நானே வந்து ஒப்படைத்தால்தான் ஆகும் என்று மேற்பார்வையாளர் வற்புறுத்தியதால் பத்தரை மணிக்குப் போய், நாற்காலியில் சாய்ந்தபடியே கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் திரும்பினேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேனா என்பது சத்தியமாக நினைவில்லை.

இப்போது அந்த மேற்பார்வையாளரே தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் வரவே இல்லை என்று சொல்லிவிடுங்கள் மேடம், நாங்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம்" என்கிறார். என் கணவரோ, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கதைக்கு ஏன் போய் நிற்க வேண்டும் என்கிறார். போகாமல் இருந்துவிடலாமா? போனால் அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்வதா, கேட்டால் மட்டும் சொல்வதா? முன்கூட்டியே எழுத்தில் பதில் தர வேண்டுமா? வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயத்தில் இரண்டு இரவுகளாகத் தூக்கம் இல்லை.

பதில் 1: ஆவடி நண்பர்

பழைய முகவரிக்கு வந்த கடிதம், அதுவும் உங்கள் கையில் நேரடியாகத் தரப்படவில்லை. கிடைக்கவில்லை என்று இருந்துவிடுங்கள், சகோதரி. மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பதில் 2: கவுன்ட்டர் தாத்தா

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். நான் ஒரு கிளை அலுவலகத்தில் பணப்பயன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். வராதவர்களின் கோப்பு தூங்கிப் போவதில்லை. நிறுவனம் சொன்னதை மட்டும் வைத்து முடிவு எழுதப்பட்டுவிடும். உங்கள் தரப்பு அதில் ஒரு வரிகூட இருக்காது.

இந்தக் கடிதம் எங்கிருந்து முளைத்திருக்கும் என்று சொல்கிறேன். பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது நீங்கள் கையெழுத்திட்டது படிவம் 9. அந்த நாட்களில் ஊதியத்துக்காக வேலை செய்யவில்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே கையெழுத்திடுவார்கள், நாங்களும் படித்துக் காட்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் உண்மையிலேயே வேலைக்கு வராமல் இருந்தீர்களா என்று நிறுவனத்தைக் கேட்பது படிவம் 10. மேற்பார்வையாளர் "எழுதிக் கொடுத்திருக்கிறோம்" என்று சொல்வது அநேகமாக இதைத்தான். ஆனால் அதே நிறுவனம் மாதந்தோறும் ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டும்போது, ஒவ்வொரு தொழிலாளிக்கும் எத்தனை நாளுக்கு ஊதியம் கொடுத்தோம் என்ற எண்ணிக்கையையும் இணையதளத்தில் பதிவு செய்கிறது. படிவத்தில் ஒரு கணக்கும் இணையதளத்தில் வேறொரு கணக்கும் இருந்தால், யாராவது ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே முதலில் உங்கள் 2022 செப்டம்பர் ஊதியச் சீட்டைத் தேடுங்கள். அதில் ஊதிய நாட்கள் எத்தனை என்று பார்த்து இங்கே எழுதுங்கள். சீட்டு இல்லாவிட்டால், வங்கிக் கணக்கில் அந்த மாதம் என்ன தொகை வரவாயிற்று என்று பாருங்கள். அது தெரியாமல் ஒரு வரிகூடப் பதில் எழுத வேண்டாம்.

கொரட்டூர் வாசகி

நன்றி ஐயா. சீட்டு கிடைக்கவில்லை, கணக்குப் புத்தகத்தில் 4,200 ரூபாய் வரவு இருக்கிறது. அப்போது என் மாத ஊதியம் 18,000 ரூபாய். அதற்கு முந்தைய ஓராண்டும் அதே ஊதியம்தான். நோய் தொடங்கிய முதல் இரண்டு நாட்களுக்கு, கையிருப்பில் இருந்த விடுப்பைக் கழித்துக்கொள்ளச் சொல்லி விடுப்புக் கடிதம் கொடுத்ததாக நினைவு.

பதில் 3: கவுன்ட்டர் தாத்தா

பாதி முடிச்சு அவிழ்ந்துவிட்டது, அம்மா. 18,000 ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 600. ஆகவே 4,200 என்பது ஏழு நாள் ஊதியம். செப்டம்பர் 1 முதல் 4 வரை நான்கு நாட்கள். அவற்றில் சிக்கல் இல்லை. 5, 6 ஆகிய இரண்டு நாட்களும் விடுப்பில் கழிந்தவை. அவற்றாலும் சிக்கல் இல்லை, ஏனென்றால் நோய்க்காலப் பணத்தில் முதல் இரண்டு நாட்கள் காத்திருப்பு நாட்கள். அவற்றுக்கு நீங்கள் எதுவும் பெறவில்லை. உங்களுக்கு வந்த தொகையே அதற்குச் சாட்சி: சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு என்றால் 420 ரூபாய். 10,920ஐ 420ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 26 நாட்கள் வரும். இருபத்தெட்டில் இரண்டு கழிந்திருக்கிறது.

மீதமுள்ள ஏழாவது நாள் எது? நீங்களே சொன்ன செப்டம்பர் 21ஆகத்தான் இருக்க வேண்டும். உங்களை வரவழைத்து அன்றைய ஊதியத்தையும் போட்டிருக்கிறார்கள்; படிவத்தில் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த நிலையில் அவர்கள் சொல்லிக்கொடுத்த வசனத்தை நீங்கள் போய்ச் சொன்னால், மேசையின் மறுபக்கம் இருப்பவர் அந்த 600 ரூபாய் வரவைக் காட்டி அடுத்த கேள்வியைக் கேட்பார். பொய் சொன்னவர் என்ற பெயர் அவர்களுக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்.

இன்னொரு நாளையும் பார்த்துவிடுங்கள். சான்றின் கடைசி நாளான அக்டோபர் 2 காந்தி ஜயந்தி, ஊதியத்துடன் கூடிய தேசிய விடுமுறை. அக்டோபர் மாதம் உங்களுக்கு முழு ஊதியமும் வந்திருந்தால், அந்த நாளுக்கும் இரண்டு பக்கமும் பணம் வந்திருக்கிறது என்று பொருள். கடிதத்தில் "நாட்கள்" என்று பன்மையில் எழுதியிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பதில் 4: சங்கத் தோழர்

கணக்கைத் தாத்தா சொல்லிவிட்டார். அந்த அறைக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, நான் பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கை முறிவுக்காகப் பெற்ற பணம் குறித்து என்னையும் ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரித்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தார். இறுதியில் மூன்று பக்கங்களை நீட்டி, "நீங்கள் சொன்னதுதான், கையெழுத்துப் போடுங்கள்" என்றார். மதிய உணவு வேளை நெருங்கியிருந்தது. எனக்கும் எப்போது வெளியே வருவோம் என்றிருந்தது. போட்டுவிட்டேன். "மைத்துனர் கடையில் போய் உட்கார்ந்திருப்பேன்" என்று நான் சொன்னது, "மைத்துனர் கடையைக் கவனித்துக்கொண்டேன்" என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது என்பது நான்கு மாதங்கள் கழித்து நகல் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. உட்கார்ந்திருந்தவன் வேலை செய்தவனாகிவிட்டேன். அதைத் திருத்த ஒன்றரை ஆண்டு அலைந்தேன்.

எனவே, சகோதரி, உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அல்லது நீங்களே உங்கள் கையால் தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவோம் என்றால், வரிக்கு வரி தமிழில் படித்துச் சொல்லக் கேட்டு, தவறான இடத்தை அடித்துத் திருத்தி அருகில் கையொப்பமிட்டு, இறுதியில் "ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இதைத் தமிழில் படித்துச் சொல்லக் கேட்டேன்" என்று உங்கள் கைப்படத் தமிழில் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். பக்கத்தின் அடியில் வெற்றிடம் இருந்தால் கோடு இழுத்துவிடுங்கள். நகல் கேளுங்கள். தர மறுத்தால், அன்றைக்கே வீட்டுக்கு வந்து, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்பதை நினைவிலிருந்து எழுதித் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில்லாததற்கு "நினைவில்லை" என்பதே பதில். பதிவேட்டில் கையெழுத்திட்டீர்களா என்று கேட்டால், "இட்டிருக்கலாம்" என்று ஊகமாக ஒன்றைச் சொல்லிவிடாமல், பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பதில் 5: வடசென்னை வழக்கறிஞர்

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்கு மாற்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருந்தாலும், உங்கள் கோரிக்கை 2022ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அன்று நடப்பில் இருந்தது 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். ஒரு செயல் நடந்த நாளில் இருந்த சட்டம் விதித்த தண்டனையைவிடக் கூடுதலாக விதிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(1)ஆம் கூறு.

அந்த 1948 சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, வேலை செய்த நாளுக்கும், ஊதியத்துடன் விடுப்பிலோ விடுமுறையிலோ இருந்த நாளுக்கும் நோய்க்காலப் பணம் பெற உரிமை இல்லை. உரிமையின்றிப் பெற்றதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது 70ஆம் பிரிவு. இவ்விரண்டிலும் உங்கள் எண்ணம் என்னவாக இருந்தது என்ற கேள்வியே எழாது, கணக்கு மட்டும்தான். தாத்தாவின் கணக்குப்படி ஒரு நாளென்றால் 420 ரூபாய், காந்தி ஜயந்தியும் சேர்ந்தால் 840 ரூபாய். குற்றம் என்பது 84ஆம் பிரிவு: பணம் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்யான தகவல் தருவது. அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 86ஆம் பிரிவின்படி, உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது.

இந்த இரண்டு பாதைகளும் பிரியும் இடம் "தெரிந்தே" என்ற சொல்தான். நோயுற்ற ஒருவர், மேற்பார்வையாளர் வற்புறுத்தியதால் மூன்று மணி நேரம் போய்ச் சாவியும் கணக்கும் ஒப்படைத்தது ஒன்று. மூன்று ஆண்டுகள் கழித்து அதிகாரி நேரில் கேட்கும்போது "போகவே இல்லை" என்று சொல்வது முற்றிலும் வேறு. முன்னது திருப்பிச் செலுத்தும் தொகையோடு முடியக்கூடியது. பின்னது, முதலில் நடந்ததற்கும் கெட்ட எண்ணம் இருந்ததாகக் காட்டிவிடும். மேற்பார்வையாளர் உங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு பேசவில்லை. தம்முடைய படிவத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார். அவர் அழைத்த நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், மேற்கொண்டு அவரோடு பேச வேண்டாம்.

ஆவடி நண்பர் சொன்ன காலவரம்பு குற்ற வழக்குக்குத்தான் உண்டு, அதிலும் நீதிமன்றம் தாமதத்தை மன்னிக்க இடமிருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெறுவதை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொகையில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், 75ஆம் பிரிவின் கீழ் அதைத் தீர்க்க வேண்டிய இடம் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம்.

தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20(3)ஆம் கூறு குற்றம் சாட்டப்பட்டவருக்கானது. இப்போது நீங்கள் அந்த நிலையில் இல்லை. ஆனால் விசாரணையின் நடுவில் வழக்கு, காவல்துறை என்ற பேச்சு எழுந்தால், "வழக்கறிஞரைக் கலந்துகொண்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லி அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் போதும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இப்போதைக்கு ஒரு சிறிய கடிதம் எழுதுங்கள். கதையெல்லாம் அதில் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா,
பொருள்: 2022ஆம் ஆண்டு நோய்க்காலப் பணப்பயன், நேர்முக விசாரணை தொடர்பாக.
பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம் (எண், நாள்).

பார்வையில் கண்ட கடிதம் என் பழைய முகவரி வழியாக எனக்குக் கிடைத்தது. குறிப்பிட்ட நாளில் நேரில் வந்து விளக்கம் அளிக்கிறேன். எந்தெந்த நாட்களுக்கு ஊதியம் பெற்றதாகக் கருதப்படுகிறது என்பதை முன்கூட்டியே தெரிவிக்குமாறும், நான் கையெழுத்திட்ட படிவம் 9, நிறுவனம் அளித்த படிவம் 10, 2022 செப்டம்பர், அக்டோபர் மாத வருகைப் பதிவு ஆகியவற்றை விசாரணைக்கு முன் பார்வையிட அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் வாக்குமூலத்தைத் தமிழில் பதிவு செய்யவும் அதன் நகலை எனக்கு வழங்கவும் வேண்டுகிறேன். இனிக் கடிதங்களைக் கீழ்க்கண்ட புதிய முகவரிக்கு அனுப்பவும்."

இதை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நேரில் கொடுத்து உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதையே விரும்புவேன்.

பதில் 6: பாடி வாசகர்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கோப்பின் நகலை வாங்கிவிடலாமே?

பதில் 7: கவுன்ட்டர் தாத்தா

வாங்கலாம், ஆனால் பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு. இவருக்கு இருப்பது பன்னிரண்டு. இப்போது மனுப் போட்டு வைத்தால் பின்னால் உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பணம் கொடுத்தது மைய அரசின் கீழுள்ள ஈ.எஸ்.ஐ. கழகம், சிகிச்சை கொடுத்த மருந்தகம் மாநில அரசின் கீழுள்ளது. ஒரே மனுவில் இரண்டையும் கேட்டால் அங்கும் இங்கும் சுற்றும். மருந்தகத்துக்கு நேரில் போய், உங்கள் காப்பீட்டு எண்ணைச் சொல்லி, மருத்துவச் சான்றின் விவரத்தையும் அப்போதைய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் உண்மையிலேயே நோயுற்றிருந்தீர்கள் என்பது அந்தச் சீட்டிலிருந்து தெரியும். விசாரிப்பவரின் மனநிலையை அது பெருமளவு மாற்றும் என்பது என் அனுபவம்.

கொரட்டூர் வாசகி

அனைவருக்கும் நன்றி. இன்று காலை அரை நாள் விடுப்பெடுத்துக் கடிதத்தை நேரில் கொடுத்தேன். வாங்கியவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுவரை யாரும் பதில் எழுதிக்கொண்டு வந்ததில்லையே" என்றார், பிறகு முத்திரை குத்திக் கொடுத்தார். மருந்தகத்திலும் விசாரித்தேன், நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்டோபர் மாத வரவையும் பார்த்தேன், முழுதாக 18,000 வந்திருக்கிறது. நாளொன்றுக்கு 600 என்றால் அது முப்பது நாள் ஊதியம், அதாவது அக்டோபர் 2 முதல் 31 வரை. ஆகவே காந்தி ஜயந்தியும் கணக்கில் சேர்கிறது. 840 ரூபாயைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிடவா?

பதில் 8: வடசென்னை வழக்கறிஞர்

வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று அவர்கள் எழுத்தில் தெரிவிக்கட்டும். தெரிவித்த பிறகு கட்டி ரசீது வாங்குங்கள். "சட்டப்படி திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 21 பற்றி அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் வரச் சொன்னார், என்ன ஒப்படைத்தீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள். நான்கு வாக்கியங்கள் போதும்.

பதில் 9: சங்கத் தோழர்

கணக்குப் புத்தகத்தின் அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், சகோதரி. கொடுப்பது நகலாக மட்டும் இருக்கட்டும். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு உட்கார்ந்திருந்ததால்தான் நான் அன்று மூன்று பக்கத்திலும் படிக்காமல் கையெழுத்திட்டேன்.